எருமை என்றுதான் போடச் சொன்னார்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அச்சகம் வைத்திருப்பவனுக்கு வராமல் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் 'வாழ்த்துகள்' என்று சரியாக அடித்துக் கொடுத்தால், ஒரு 'க்' விட்டுப்போச்சே என்று பெண் வீட்டார் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார்கள். உக்கடத்தில் இருபத்தாறு வருடமாக நான் இந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழைத் தப்பாக எழுதுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பாத்திமுத்துவின் தோல் பட்டறை என் அச்சகத்துக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. அவருக்கு நாற்பத்தேழு வயது. பதினேழு வயதில் கோட்டைமேட்டில் ஒரு செருப்புப் பட்டறையில் பசை தடவுகிற வேலைக்குச் சேர்ந்தவர். இன்று சொந்தமாக மூன்று மெஷின், கீழே ஐந்து பெண்கள். பெல்ட், பர்ஸ், தோள்பை எல்லாம் எருமைத்தோலில்தான் செய்வார். ஈரோட்டில் பதனிட்ட தோலை அவரே போய், ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, பில்லோடு வாங்கி வருவார். கணவர் இல்யாஸ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பட்டறை விஷயத்தில் வாயே திறக்க மாட்டார். திறந்தால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கோபத்தில் பாத்திமுத்து எனக்கு அக்கா முறை ஆக வேண்டும். ஒருமுறை பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு கடையில் ரெக்ஸின் பெல்ட்டை எருமைத்தோல் என்று சொல்லி விற்பதாகக் கேள்விப்பட்டார். நேரே போனார். காசு கொடுத்து ஒன்றை வாங்கினார். கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து, அந்தக் கல்லாப்பெட்டி மேலேயே வைத்து பெல்ட்டைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருந்த துணியை உருவி நிற்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கடைக்காரர் பேச வாயெடுப்பதற்குள் பாதிக் கூட்டம் கிளம்பிவிட்டது. எருமையின் பேரைக் கெடுக்க நீங்க யாரு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

எருமை மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம் வந்ததற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அவரைப் பேர் சொல்லியே கூப்பிட்டதில்லையாம். எருமை, எழுந்திரு. எருமை, பதில் சொல்லு. எட்டாவதோடு அந்தப் பிள்ளை நின்றுவிட்டது. "அந்த எருமைதானுங்கண்ணா இன்னிக்கு ஆறு ஊட்டுக்குச் சோறு போடுது" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதனால் எந்தச் சரக்கு வெளியே போனாலும் எருமைத்தோல் என்றே எழுதிப் போக வேண்டும். வெறும் லெதர் என்று போட்டால்கூட விட மாட்டார்.

இப்படி இருந்தவரிடம்தான் கிருபாசங்கர் வந்து சேர்ந்தான். உடுமலைப்பேட்டைப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக் குடும்பம். இன்ஜினியரிங் படித்துவிட்டு, தோல் சாமான்களை இன்டர்நெட்டிலும் மலைமேல் இருக்கிற ரிசார்ட்டுக் கடைகளிலும் விற்கிற கம்பெனி ஒன்றை ஆரம்பித்திருந்தான். வாய்க்கு வாய் அக்கா, சொல்லுக்குச் சொல் ங்க. அவ்வளவு மரியாதையைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவன் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கொடுத்ததாக ஒரு பர்ஸைக் கொண்டுவந்து பாத்திமுத்துவின் கையில் கொடுத்தான். இதே மாதிரி நமக்கும் வேண்டும் என்றான். நான் அப்போது அங்கேதான் நின்றேன், பெல்ட்டில் மாட்டுகிற அட்டைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பாத்திமுத்து பர்ஸை மடக்கிப் பார்த்தார், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த ஒரு துண்டுத் தோலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது நம்மூர் எருமை இல்லீங்க தம்பி. எருமைக்கு மேல மயிரே கொஞ்சந்தானுங்க. அதனால மயிர்க்குழி பெருசா, தள்ளித் தள்ளி இருக்கும். இதுல பாருங்க, குழி நெருக்கமா, தோலே சுருக்கம் சுருக்கமா இருக்குது. இந்த மாட்டு மேல கம்பளியாட்ட மயிரு இருந்திருக்கோணும். அமுக்குனா மெத்துனு உள்ள போகுது. நம்ம தோலு அமுங்காதுங்க."

கிருபாசங்கர் அசந்துபோனான். அதன் பெயர் பைசன், பனி விழுகிற தேசத்து மாடு, உடம்பெல்லாம் ரோமம் என்று போனில் படம் காட்டினான். அந்த ஊரில் அதையே பஃபலோ என்றும் சொல்கிறார்கள் என்றான். பாத்திமுத்து படத்தைப் பார்த்துவிட்டுத் துண்டுத் தோலை மேசையில் திரும்ப வைத்தார்.

"அவிய என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். ரெண்டும் வேற வேற மாடுங்க. நம்முளுது எருமை. அப்படித்தான் போடோணும்."

சரிங்க்கா என்று அவன் தலையாட்டினான். மறுநாள் பாத்திமுத்துவே என் அச்சகத்துக்கு வந்து ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். 'எருமை தோல். கைவேலை: பாத்திமுத்து, உக்கடம்.' அவ்வளவுதான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நடுவில் 'த்' வர வேண்டும், எருமைத்தோல் என்று எழுதினால்தான் எருமையின் தோல், இல்லாவிட்டால் எருமை தனி, தோல் தனி என்று கால் மணி நேரம் இலக்கணம் எடுத்தேன். "எருமைக்கும் தோலுக்கும் நடுவுல த் இருக்குதுங்களா? நான் சதை இருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அந்த வாரக் கடைசியில் கிருபாசங்கர் தனியாக வந்தான். எருமை என்று போட்டால் எவன் இடுப்பில் கட்டுவான், சொந்தப் பொண்டாட்டியே சிரிப்பாள் என்றான். இங்கிலீஷில் 'பைசன் லெதர்' என்று மேலே போட வேண்டும். அமெரிக்காவில் இரண்டும் ஒன்றுதான், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குக் கீழே தமிழில் கம்பீரமாக ஒரு வார்த்தை. "உங்க தமிழ் இந்தக் கோயமுத்தூர்லயே யாருக்கு வருமுங்ண்ணா" என்றான்.

இரண்டும் வேறு வேறு மாடு என்று பாத்திமுத்து சொன்னதை இந்தக் காதால் கேட்டு ஐந்து நாள்கூட ஆகவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புகழ்ந்த வாய்க்கு அடிமையாகிப் போனேன், வேறு ஒன்றும் இல்லை. அகராதியை எடுத்தேன். பைசனுக்கு நேரே 'காட்டெருமை' என்று இருந்தது. 'காட்டெருமைத் தோல்' என்று அடித்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது. மறக்காமல் 'த்' போட்டேன். மாட்டை மாற்றிவிட்டு ஒற்றெழுத்தைச் சரிபார்த்த மேதை நான்.

அதற்குக் கீழே, பாத்திமுத்து எழுதிக் கொடுத்திருந்தபடியே அவர் பெயரும் ஊரும் இருந்தன. மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினேன். சூப்பருங்ண்ணா, அப்படியே அடிச்சிருங்க என்று கிருபாசங்கர் பதில் போட்டான். அட்டைகள் நேரே உடுமலைக்குப் போய்விட்டன. மாட்டுகிற வேலை அங்கே அவன் குடோனில் நடந்தது. பாத்திமுத்து அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் காட்டெருமை என்றால் வால்பாறைத் தேயிலைக்குள் வந்து நிற்கிறதே, காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி, அந்த மாடு. மலையில் இருப்பவர்கள் காட்டுமாடு என்பார்கள். வெள்ளைக்காரன் அதற்குப் பைசன் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். அது அமெரிக்காவின் கம்பளி மாடும் இல்லை, நம் எருமையும் இல்லை. மூன்றாவது மாடு. அதைத் தொட்டால் சட்டம் சும்மா விடாது. அதன் தோல் கையில் இருந்தால் வருடக்கணக்கில் உள்ளே போக வேண்டியதுதான்.

ஒன்றரை மாதம் கழித்து, உடுமலையிலிருந்து மலைக்குப் போகிற பாதையில் ஒரு வனத்துறைச் சோதனைச் சாவடியில் கிருபாசங்கரின் வண்டியை நிறுத்தினார்கள். ரிசார்ட்டுக்குப் போகிற இரண்டு பெட்டி பெல்ட். சாவடியில் இருந்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். காட்டெருமைத் தோல். கைவேலை: பாத்திமுத்து, உக்கடம். விலாசம் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் எங்கள் சந்துக்குள் நுழைந்தது.

சத்தம் கேட்டு நானும் ஓடினேன். பட்டறையிலிருந்த தோல்களை எண்ணி எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பெண்களும் சுவரோரமாக நின்றார்கள். பாத்திமுத்து ஈரோட்டுப் பில்லை நீட்டிக்கொண்டே இருந்தார். வந்த அதிகாரியின் பெயர் சாய்ப்ரியா. சின்ன வயதுதான், குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். பில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அட்டையில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று ஒரு அட்டையைக் காட்டினார். பாத்திமுத்து அதை வாங்கி, முதல் தடவையாகப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். நான் இல்யாஸின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அடுத்த புதன்கிழமைக்குள் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், அதற்குப் பிறகு வழக்குப் பதிவாகும், கைது செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாய்ப்ரியா போனார். பட்டறைக் கதவில் சீல் வைத்தார்கள்.

கிருபாசங்கர் என்ன செய்தான் தெரியுமா? நான் வாங்கி விற்பவன், அந்தம்மா என்ன தோல் என்று சொன்னார்களோ அதைத்தான் போட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டான். அக்கா அக்கா என்று அழைத்த வாய்! பாத்திமுத்து போன் போட்டால் எடுக்கவில்லை. அவனை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. டீக்கடையில் நின்று திட்டினேன், பஸ் ஸ்டாண்டில் நின்று திட்டினேன். அடுத்தவனைத் திட்டுகிறவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அவன் அனுப்பிய அந்த சூப்பருங்ண்ணா என் போனுக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் அவன் சொன்னது பொய் என்று ஆகும். ஆனால் அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தவன் யார் என்ற கேள்வியும் வரும். அச்சகத்துக்கும் சீல் வைப்பார்களோ, என்னையும் கூட்டிப்போவார்களோ என்று பயந்தேன். பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சந்தில் பேச்சு கிளம்பிவிட்டது. காட்டுமாடு வேட்டைக்காரக் கும்பலோடு தொடர்பு, அதனால்தான் இவ்வளவு வேகமாக மூன்று மெஷின் வாங்கினாள் என்றார்கள். பத்து வருடமாக அவரிடம் பர்ஸ் வாங்கியவர்களே சொன்னார்கள். பாத்திமுத்து பட்டறைக்குப் பின்னால் கழிவுத் துண்டுகள் போட்டிருந்த சாக்கைக் கொட்டி, உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் என் அச்சகத்துக்கு வந்தார். நாளைக்கு உடுமலைக்குப் போகிறேன், ஒரு மனு எழுத வேண்டும், உங்கள் தமிழ் நன்றாக இருக்கும் என்றார். பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நான் எருமைத்தோல் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்' என்று ஆரம்பித்தார். ஒரு இடம் வந்ததும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெவரம் தெரியாத எவனோ ஒருத்தன் அதை மாத்திப்போட்டான். இப்படியே எழுதுங்க."

'விவரம் அறியாத எவரோ ஒருவர் அதை மாற்றிவிட்டார்' என்று எழுதினேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நீங்களும் கூட வாங்க, படிச்சுக் காட்ட ஆள் வேணும் என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை காலை உடுமலை வன அலுவலகத்தில் பாத்திமுத்து ஒரு மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கழுத்துப் பகுதித் தோல் துண்டுகள், வேலைக்கு ஆகாது என்று வெட்டி எறிந்தவை. ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு தேய்ந்த கோடு இருந்தது. சாய்ப்ரியாவும், அவர் வரவழைத்திருந்த கால்நடை மருத்துவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது கயிறு கட்டுன தழும்புங்க. இந்தத் துண்டுல பாருங்க, சீக்கு வந்தப்ப சூடு போட்டிருக்காங்க. காட்டுல நிக்கற மாட்டுக்கு யாருங்க கயிறு கட்டுனாங்க? யாரு சூடு போட்டாங்க?"

மருத்துவர் அந்தக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். மயிர்க்குழியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். நாட்டு எருமைதான் என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்படியும் நினைத்தேன், மறைக்கவில்லை.

சாய்ப்ரியா மனுவை எடுத்துப் படித்தார். இந்தத் துண்டுகள் எருமையாக இருக்கலாம், பிடிபட்ட பெல்ட்டும் இதே தோல்தான் என்பதற்கு லேப் முடிவு வர வேண்டும், இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வழக்கை நிறுத்திவைக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும் என்றார். பிறகு ஒரு வரியில் விரல் வைத்தார்.

"எழுத்துல காட்டெருமைன்னு இருக்குது. அதை நான் எப்படி இல்லைன்னு எழுத முடியும்? இந்த 'எவரோ ஒருவர்' யாருங்க? அவரு வந்து எழுதிக் குடுத்தா இன்னிக்கே முடிஞ்சுரும். இல்லாட்டி இவங்களை நான் அனுப்ப முடியாதுங்க."

பாத்திமுத்து என்னைப் பார்க்கவில்லை. தழும்பு இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் துண்டைப் போட்டதும் பையின் காதை முடிச்சுப் போட்டார்.

"நான்தானுங்க" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். போனை எடுத்து வைத்தேன். நான் அனுப்பிய மாதிரி அட்டை, கிருபாசங்கரின் பதில், பாத்திமுத்து எழுதிக் கொடுத்த நோட்டுத் தாளின் படம், எல்லாம் இருந்தது. அகராதியைப் பார்த்து எழுதினேன், மாட்டைப் பார்த்து எழுதவில்லை என்றேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று சாய்ப்ரியா கேட்டார். மூன்று பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதுவும் செய்யவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. மாதிரிக்கு இரண்டு துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற தோலைத் திருப்பிக் கொடுக்கவும், பட்டறைச் சீலை எடுக்கவும் எழுதினார்கள். பொய் சொன்னதற்குக் கிருபாசங்கருக்கு நோட்டீஸ் போனது. உடுமலையிலிருந்து உக்கடம் பஸ்ஸில் ஏறினோம். பாத்திமுத்து முன் சீட்டில், நான் பின்னால். கிணத்துக்கடவு தாண்டியதும் திரும்பாமலே பேசினார்.

"அந்தத் த் நீங்க மட்டுந்தானுங்கண்ணா போடுவீங்க. உக்கடத்துல வேற எவனும் போடமாட்டான். அட்டையைப் பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரியும். எட்டு நாளா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"ஏன் அம்மணி நீங்களே சொல்லலை?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாத்தானுங்க அது சாட்சி."

அதற்குப் பிறகு உக்கடம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதும் வாரேன் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படிச் சொல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

பத்து நாள் அவர் என் சந்துப் பக்கமே வரவில்லை. பட்டறையில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். கிருபாசங்கர் இரண்டு முறை காரில் வந்து, பட்டறை வாசலோடு திரும்பிப் போனதைப் பார்த்தேன். பதினோராவது நாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது பாத்திமுத்து நின்றுகொண்டிருந்தார். ஒரு நோட்டுத் தாளை மேசை மேல் வைத்தார். புது அட்டை அடிக்க வேண்டும் என்றார். எடுத்துப் பார்த்தேன்.

எருமைத்தோல்.
தைத்தது: பாத்திமுத்து, உக்கடம்.
எழுதியது: நஞ்சுண்டன், உக்கடம்.

அச்சகத்துக்காரன் பேரை யாரும் போடுவதில்லையே, வாங்குகிறவர்களுக்கு அது எதற்கு என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் அறைந்தது.

"அந்த வார்த்தைக்குக் கீழ என் பேரைப் போடறப்ப என்னையக் கேட்டீங்களா? இனி உங்க பேரும் இருக்கட்டும். தப்பா எழுதுனா ஜீப்பு ரெண்டு ஊட்டுக்கும் வரட்டுமுங்க."

தாளை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். நான் உட்கார்ந்து மறுபடி படித்தேன். பேனாவை எடுத்துப் பிழை தேடினேன், பழக்க தோஷம். எருமைக்கும் தோலுக்கும் நடுவில் அவரே 'த்' போட்டிருந்தார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. என் பெயரைச் சேர்த்து அப்படியே அடித்தேன்.